கூடி வாசிக்கும் அறை

டிரம்ஸை எந்த மூலையில் வைப்பது என்பதிலேயே காலைப் பொழுது கழிந்துவிட்டது. ஏற்காடு மலையில், செம்மநத்தத்தில் காபித் தோட்டத்தை ஒட்டி நிற்கும் பழைய ஓட்டு வீடு அது. சேலத்தில் வெவ்வேறு வேலை பார்க்கும் ஐந்து பேர் அதை வாடகைக்கு எடுத்து, தங்கள் ராக் இசைக்குழுவுக்கான ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். டீப் பர்ப்பிள், லெட் செப்பலின் பாடல்களை வாசித்து விரல் பழகியவர்கள். இப்போது சொந்தமாகத் தமிழில் பாட்டுக் கட்டுகிறார்கள். பாட்டு வெளிவரும் வரை பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே தவிர்க்கிறேன். அவர்கள் வைத்திருக்கும் விதி ஒன்றுதான்: ஐவரும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும், வாசித்தது அப்படியே பதிவாக வேண்டும்.

இன்று பெரும்பாலான பாட்டுகள் இப்படிப் பிறப்பதில்லை. டிரம்ஸ் ஒரு நாள், கிட்டார் வேறொரு ஊரிலிருந்து, பாடகர் கடைசியில். காதுக்குள் தாளம் காட்டும் ‘கிளிக்’ ஒலிக்க, ஒவ்வொருவரும் தனியாக வாசித்துவிட்டுப் போகிறார்கள், கணினி வரிசைப்படுத்திக்கொள்கிறது. அந்த முறையில் அருமையான பாட்டுகள் வந்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பாடகர் ஒரு சொல்லை இழுக்கும்போது டிரம்ஸ்காரர் கையை ஓங்கியபடி காத்திருப்பது அதில் நடக்காது. அந்தக் காத்திருப்பைப் பக்கத்திலிருந்து பார்க்கத்தான் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தேன்.

கூடி வாசிப்பதில் முதல் சிக்கல் சத்தம். டிரம்ஸின் ஓசை பாடகரின் மைக்கில் புகும், கிட்டாரின் ஓசை டிரம்ஸ் மைக்கில் புகும். இதை ‘லீக்’ என்கிறார்கள். முழுவதும் அடைக்க முடியாது; எவ்வளவு விடுவது, எந்தப் பக்கத்திலிருந்து விடுவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் மூலைச் சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டார். கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய், ஜன்னல் வழியாக வயரை இழுத்தார். பாடகரை டிரம்ஸுக்கு நேர் எதிரே, அதைப் பார்த்தபடி நிறுத்தினார். எனக்கு அது வியப்பாக இருந்தது. சத்தத்துக்கு முதுகைக் காட்டித்தானே நிற்க வேண்டும்?

“இல்லீங்ண்ணா. இந்த மைக்குக்கு முன்பக்கம்தான் காது. பின்னாடி இருந்து வர்றத அது பெருசா எடுத்துக்காது. பாடுறவரு டிரம்ஸைப் பாத்து நின்னா, மைக்கோட முதுகு டிரம்ஸ் பக்கம் திரும்பிடும். அதோட ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சி பாத்துக்கலாம்ல.”

பிறகு இஞ்ச் டேப்பை எடுத்தார். டிரம்ஸுக்கு மேலே தொங்கும் இரண்டு மைக்குகளும் நடுவிலிருக்கும் ஸ்னேர் டிரம்மிலிருந்து ஒரே தொலைவில் இருக்கின்றனவா என்று அளந்தார். ஒலி ஓர் அடி தூரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி ஆகிறது. டிரம்மில் விழும் ஒரே அடியின் ஓசை ஒரு மைக்குக்குச் சற்று முன்னும் இன்னொன்றுக்குச் சற்றுப் பின்னும் போய்ச் சேர்ந்தால், இரண்டும் சேரும்போது ஒன்றையொன்று தின்றுவிடும். அடியில் இருந்த கனம் காணாமல் போகும். கேட்டால் “சத்தம் மெலிஞ்சுடும்” என்பார். கொத்தனார் குண்டுநூல் பிடிப்பதுபோல அத்தனை நிதானம். நகர்த்தி, அடிக்கச் சொல்லிக் கேட்டு, மறுபடி நகர்த்தினார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மலையும் தன் பங்குக்கு வேலை வைக்கிறது. மூடுபனி இறங்கினால் மரம் ஈரம் வாங்கி கிட்டாரின் சுருதி நகர்கிறது. ஒவ்வொரு பதிவுக்கு முன்பும் சுருதி கூட்டியாக வேண்டும். கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. ஓட்டின் மேல் மழை விழுந்தால் பதிவு நின்றுவிடும். இருட்டிய பிறகு சில்வண்டுகள் விடுவதில்லை. அதனால் மதியத்துக்கும் மாலைக்கும் இடைப்பட்ட நேரமே இவர்களுக்கு வாய்த்த நேரம்; அந்நேரம் கரண்ட் இருக்க வேண்டும் என்பது வேறு.

இவர்கள் செய்வது புதுமை என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் இந்த மலையடிவாரத்திலேயே இதற்கு முன்னோர்கள் இருந்தார்கள். சேலத்திலிருந்து ஏற்காடு வரும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. உள்ளே ஸ்டூடியோ இருந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம் அது. 1937-இல் ‘சதி அகல்யா’, 1938-இல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, 1956-இல் தமிழின் முதல் வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே வளாகத்தில். நடிகர்கள், தொழில்நுட்பக் கலைஞர்கள் எனப் பலர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள்.

அந்தத் தொடக்க காலத்தில் பின்னணி பாடும் வழக்கம் வேரூன்றவில்லை. தமிழில் அது 1938-இல் வந்த ‘நந்தகுமார்’ படத்தோடு தலைகாட்டியது. அதற்கு முன் நடிகரே கேமரா முன் நின்று பாட, பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாத இடமாகப் பார்த்து ஒளிந்து உட்கார்ந்து வாசித்தார்கள். இருந்ததோ ஒன்றிரண்டு மைக். சத்தமான வாத்தியம் தள்ளி உட்காரும், மெல்லிய வாத்தியம் கிட்டே வரும். ஆளை நகர்த்துவதுதான் அன்றைய மிக்ஸிங். ஒலி ஃபிலிமில் ஒளிக்கோடாகப் பதிவாகும். கழுவிப் பார்க்கும் வரை சரியாக வந்ததா என்று தெரியாது. பி.யு. சின்னப்பா போன்று பாடி நடித்தவர்களின் குரலுக்குப் பின்னால் அந்த நெருக்கடி இருக்கிறது. காந்த நாடா வந்த பிறகுதான் வாசித்ததை உடனே போட்டுக் கேட்கும் வசதி வாய்த்தது.

ராக் உலகமும் இப்படிக் கூடி வாசிப்பதற்குத் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. பீட்டில்ஸ் தங்கள் முதல் ஆல்பத்துக்காக 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாடல்களைக் கூடி நின்று வாசித்துப் பதிந்தார்கள். பிறகு அடுக்கடுக்காகப் பதிவதில் உச்சம் தொட்டவர்களும் அவர்களே. 1969 ஜனவரியில் மறுபடி சேர்ந்து வாசிக்க ஆசைப்பட்டு, லண்டன் சேவில் ரோவில் தங்கள் சொந்த அலுவலகத்தின் அடித்தளத்துக்குப் போனார்கள். அங்கே புதிதாகச் செய்து வைத்திருந்த கருவிகள் உதவவில்லை. வெளியிலிருந்து இரவல் வாங்கித்தான் வேலை நடந்தது. 30-ஆம் தேதி மொட்டை மாடியில் வாசித்தபோது காற்று இரையாமல் இருக்க மைக்குகளுக்குப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறையைச் சுற்றினார்கள். இதைச் சொன்னதும் செம்மநத்தம் நண்பர் தன் மைக்கைக் காட்டினார். பழைய நைலான் துணி சுற்றியிருந்தது.

நம்மிடம் இளையராஜா இருக்கிறார். எழுதிய ஸ்வரத்தாளைக் கையில் கொடுத்து, வயலின் வரிசை முதல் தபேலா வரை எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடகரோடு சேர்த்துப் பதிந்த காலம் அவருடையது. ஒருவர் பிசகினால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அந்த ஒழுக்கத்தில் உருவான வாத்தியக்காரர்கள் சென்னையில் ஒரு தலைமுறையாகவே இருந்தார்கள்.

செம்மநத்தத்தில் மதியத்துக்கு மேல் பதிவு தொடங்கியது. முதலில் வாசித்தவை கைக்குச் சரியாக இருந்தன, காதுக்கு ஒட்டவில்லை. பேஸ் கிட்டார்காரர் தாளைப் பார்த்தே வாசித்துக்கொண்டிருந்தார். “தாள மடிச்சு வெச்சுட்டு அவன் காலப் பாருடா” என்றார் பாடகர். டிரம்ஸ்காரரின் வலது கால்தான் பேஸுக்குக் கட்டளை. அடுத்த முறை இருவரும் ஒரே கனமாக இறங்கினார்கள், தரை அதிர்ந்தது. சரணத்தின் முடிவில் பாடகர் பழகியதைவிட நீளமாக இழுத்தார். நால்வரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தபடி நின்று, அவர் தலையசைத்ததும் ஒன்றாக விழுந்தார்கள். நடுவே கிட்டாரில் ஒரு ஸ்வரம் தடுக்கியது எனக்கே கேட்டது. போட்டுக் கேட்டார்கள். திருத்தலாமா என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். கிட்டார்காரர் சற்று யோசித்து, “இருக்கட்டும்” என்றார். சரியான முடிவு. அந்த ஸ்வரத்தைத் தனியே மாற்றினால், பக்கத்து அறையிலிருந்து டிரம்ஸ் மைக்கில் புகுந்திருக்கும் பழைய ஸ்வரம் காட்டிக்கொடுக்கும். அதைவிட முக்கியமாக, அந்த இறக்கம் இன்னொரு முறை கிடைக்காது.

பதிவு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் ஒரு நோட்டை எடுத்து எழுதினார்: தேதி, எந்த மைக் எங்கே, யார் என்ன வாசித்தார், கம்பளி கட்ட உதவிய பையன் யார் என்பது வரை. நான் அன்று பார்த்த வேலைகளில் இதையே பெரிதாக மதிக்கிறேன். மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் பாடியவர்களும் இசையமைத்தவர்களும் நினைவில் இருக்கிறார்கள். கேமராவுக்கு ஒளிந்து உட்கார்ந்து வாசித்தவர்கள், அவர்களை முன்னும் பின்னும் நகர்த்தி ஒலியைச் சமன் செய்தவர்கள் பலரின் பெயர் நம்மிடம் இல்லை.

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவில் வாத்தியம் வாசித்தவராக, ஒலிப்பதிவில் கை கொடுத்தவராக இருந்தால், அவர் பெயர், வாத்தியம், எந்தப் படம், எந்த ஆண்டு என்று வீட்டில் தெரிந்த அளவை எழுதி வையுங்கள். புகைப்படத்தின் பின்புறமும் குறித்து வையுங்கள். இன்று பாட்டு வெளியிடுபவர்கள் வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் ஒலிப்பதிவாளர் பெயரையும் பாட்டோடு சேர்த்தே போடுங்கள்.