பன்னிரண்டு அறைக் கடிகாரங்கள்

ஸ்ரீபெரும்புதூரில் ஞாயிறுதோறும் என்னிடம் ஒரு பெண் இயற்பியல் படிக்க வருகிறாள். மற்ற நாட்களில் கம்பெனி பஸ், ஷிப்ட் வேலை. பி.எஸ்சி.யில் ஒரே ஓர் அரியர் பாக்கி: திண்மநிலை இயற்பியல்.

"மிஸ், ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கான்ல 5 போட்டு 22 சைபர், அத்தனை அணு. கணக்கை எந்த அணுவுல ஆரம்பிக்கிறது?"

கேள்வி நியாயமானது. அவள் குடியிருக்கும் இடத்தைப் பற்றிக் கேட்டேன். முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு அறைகள். அளவும் கதவும் ஜன்னலும் ஒன்றே.

"கண்ணைக் கட்டி ஓர் அறை தள்ளி விட்டால் கண்டுபிடிப்பாயா?"

"முடியாது மிஸ்."

விடை அங்கேயே இருக்கிறது. படிகத்தின் அணுக்களும் அந்த அறைகளைப் போலவே ஒரே மாதிரி அடுக்கப்பட்டவை. ஓர் அறை நகர்த்தினாலும் எதுவும் மாறாதென்றால், எலக்ட்ரானின் ஐகன் நிலைகளையும் அந்த நகர்வுக்கு இசைந்தவையாகவே தேர்ந்தெடுக்கலாம்.

"அப்போ எல்லா ரூம்லயும் அலை ஒண்ணாத்தான் இருக்குமா?"

நானும் கல்லூரியில் இங்கேதான் தடுமாறினேன். அறைதோறும் ஒரு கடிகாரம் மாட்டுவோம். முள்ளின் நீளம் அலையின் அளவு. முள் காட்டும் மணி அதன் கட்டம். எலக்ட்ரான் அங்கே தென்படும் வாய்ப்பைச் சொல்வது நீளம் மட்டுமே. அது எல்லா அறையிலும் சமம். மணி மாறலாம், ஆனால் அறைக்கு அறை ஒரே அளவு முன்னேற வேண்டும். முற்றத்தைச் சுற்றி வந்தால் முதல் கடிகாரத்தோடு பொருந்தவும் வேண்டும். விரல்விட்டு எண்ணினாள்: 0 மணி, 1 மணி... 11 மணி. பன்னிரண்டு அறைக்குப் பன்னிரண்டு வழிகள். அதுவரை ஒரு சமன்பாடுகூட நாங்கள் எழுதவில்லை.

இனி ஓர் அறைக்குள் மட்டும் கணக்குப் போட்டால் போதும். ஃபெலிக்ஸ் பிளாக் 1928-இல், 23 வயது நிறையுமுன், லைப்சிக்கில் ஹைசன்பர்க்கின் மாணவராக இருந்தபோது கண்டது இதைத்தான். சில ஆற்றல்களுக்கு எந்தக் கடிகார வரிசையும் பொருந்தாது. அதுவே விலக்கப்பட்ட ஆற்றல் இடைவெளி. பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறந்த சூரியத் தகடு ஆலையில் கண்ணாடிமேல் படிய வைக்கும் காட்மியம் டெல்லூரைடுக்கு அது சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட். எந்த ஒளி மின்சாரமாகும் என்பதை முடிவுசெய்வது அந்த எண்.

நம் வகுப்புகளில் 1931-இன் க்ரோனிக்-பென்னி மாதிரியின் நீண்ட இயற்கணிதம் முதலில் வருகிறது. இந்த நகர்வுச் சமச்சீர்மை ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அந்த வரிசை தவறு. ஆசிரிய நண்பர்களே, க்ரோனிக்-பென்னியை இரண்டாம் நாளுக்குத் தள்ளுங்கள். முதல் நாள் பிள்ளைகளை அந்த முற்றத்தை ஒருமுறை சுற்றிவரச் செய்யுங்கள்.