ஏரிக்கரை உலா

உலாவுதல் உடற்கும் உள்ளத்திற்கும் ஒருங்கே நலம் பயக்கும் என்பர் பெரியோர். ஏட்டிற் கற்றிருந்த இவ்வுண்மையைச் சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையிலேதான் யான் காலாற் கற்றுணர்ந்தேன்.

என் அன்னையின் தந்தையார் துடியலூரில் வாழ்ந்து வருகின்றார். எண்பது அகவையைக் கடந்தவர்; அண்மையில் நோயுற்றுத் தேறியவர். நாடோறும் சிறிது தூரம் நடத்தல் வேண்டுமென மருத்துவர் பணித்திருந்தமையின், அவருக்குத் துணையாய்ச் செல்லும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறி மீண்டவன் யான். மேடு பள்ளமில்லா ஏரிக்கரையைச் சுற்றி வருவதும் ஒரு நடையோ என உள்ளத்துள் நகைத்தேன்.

யாங்கள் சென்றது துடியலூருக்குக் கிழக்கே அமைந்த சின்னவேடம்பட்டி ஏரிக்கு. ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்புடையது அது. சாலையை விட்டிறங்கி, எஞ்சி நின்ற இட்டேரி ஒன்றின் வழியே நடந்தோம். இருமருங்கும் கிளுவையும் கள்ளியும் அடர்ந்து, அவற்றின்மேற் பிரண்டை படர்ந்திருந்தது. கீரி ஒன்று குறுக்கே ஓடி வேலிக்குள் மறைந்தது. கரையிலோ, தன்னார்வத் தொண்டர் நட்டு வளர்த்த மரங்கள் இளஞ்சோலையாய் நிழல் பரப்பின. வடகிழக்குப் பருவமழையின் நீர் பள்ளங்களிலே தேங்கியிருந்தது. முக்குளிப்பான்கள் மூழ்குவதும் எழுவதுமாய் விளையாடின. தொலைவிற் குருடிமலை நீலநிறமாய்த் தோன்றிற்று.

நூறடி நடந்ததும் பாட்டனார் நின்றுவிட்டார்.

"களைச்சுப் போச்சுங்களா, அப்புச்சி?" என்றேன்.

"களைப்பில்லை கண்ணு. தண்ணியைப் பார்த்தேன், நின்னுட்டேன்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அதன்பின் அவர் சொல்லக் கேட்டவற்றை எங்கள் இல்லத்தில் ஒருவரும் எனக்கு உரைத்ததில்லை. அவ்வேரிக்குக் கீழ்ப்புறத்தில் அவருக்கு நான்கு ஏக்கர் தோட்டம் இருந்ததாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவிற் கிடக்கும் கோவைச் சமவெளி ஆண்டிற்கு 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெறுவது. அச்சிறு மழையைத் தேக்கி, மண்ணினூடே மெல்லக் கசியவிட்டுச் சுற்றுப்புறக் கிணறுகளை ஊறச் செய்வதே ஏரியின் தொழில். ஏரியில் நீர் நின்ற காலத்தே அவருடைய கிணறும் வற்றாது ஊறிற்று. கவலை பூட்டி நீரிறைத்துப் பயிர் செய்தார். பின்னர் மலைப்பக்கத்து நீரைக் கொணரும் இராஜவாய்க்கால் தூர்ந்தது. ஏரி வறண்டது. 1877ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாகாணத்திற் புகுத்தப்பட்ட சீமைக் கருவேலம் அதன் வயிற்றிலே காடாய் மண்டிற்று. கிணற்றை ஆழப்படுத்தினார், ஆழ்துளையும் இட்டார், நீர் கிட்டவில்லை. தோட்டம் விலைபோயிற்று. அன்று முதல் முப்பது ஆண்டுகளாக அவர் இக்கரையை மிதித்ததேயில்லை!

எளிய நடையென்று யான் இகழ்ந்த வழி, அவருக்கு எம்மலையினும் கடியதாய் இருந்ததை அப்பொழுதே அறிந்தேன். என் செருக்கு அடங்கிற்று.

மீண்டும் நடந்தோம். நீர் நிற்குமிடத்தைக் காட்டிலும் நீர் வருமிடத்தைக் காணவே அவர் விரும்பினார். "கரையை மட்டும் காத்தால் போதாது கண்ணு. வாய்க்காலை விட்டால் ஏரி வெறும் பள்ளந்தான்" என்றார். வாய்க்காலின் முகப்பிற் பிளாஸ்டிக் பைகளும் முட்செடிகளும் அடைத்துக் கிடந்தன. தடியை என்னிடம் தந்துவிட்டு, நடுங்குங் கையால் ஒரு பையை இழுத்தெடுத்தார். யான் நாணி, தடியைக் கீழே வைத்துப் பள்ளத்தில் இறங்கினேன். அரைமணி நேரம் உழைத்தும் இரண்டு முழமே துப்புரவாயிற்று. அவர் கரைமேல் அமர்ந்து, எப்பக்கம் வெட்ட வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தார். நோயுற்ற நாள்முதல் அவர் குரலில் யான் கேளாத உறுதி அன்று இருந்தது.

சுற்றை முடித்து இல்லம் திரும்புகையில் நண்பகலாயிற்று. "நாளைக்கு மண்வெட்டி எடுத்துக்கலாம்" என்றார் பாட்டனார்.

மாணவ நண்பர்களே! நம் ஊர்தோறும் ஒரு குளமோ குட்டையோ உண்டு. விடுமுறையில் அதனை ஒருமுறை சுற்றி வாருங்கள். இயலுமாயின் முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நீர் வரும் வழி எதுவென்று அவரைக் கேளுங்கள். அதனை அறிந்தவர்கள் குறைந்து வருகின்றனர்.