நடப்போரும் சைக்கிள் ஓட்டுவோரும் கூடும் இரண்டு நாள்

நமது சங்கச் செயற்குழு பணித்தபடி, வருகிற மார்கழியில் கிழக்கேகோட்டையில் இரண்டு நாள் முகாம் ஒன்றை நடத்தும் ஏற்பாட்டில் நாங்கள் ஐவர் ஈடுபட்டிருக்கிறோம். நகரத் தெருக்களில் நடந்து செல்வோருக்காகவும் சைக்கிளில் செல்வோருக்காகவும் ஆங்காங்கே தனித்து நின்று பாடுபட்டு வரும் அன்பர்களை ஓரிடத்தில் தங்கச் செய்து, ஒருவர் அறிந்ததை மற்றவர் கற்க வழிசெய்வதே இதன் நோக்கம். சைக்கிளை நம் பாட்டனார் துவிச்சக்கர வண்டி என்று எழுதினார்கள். அத்தனை நீளப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டியே போய்விடும் என்பதால் நாங்கள் சைக்கிள் என்றே எழுதுகிறோம்.

“நடப்பதற்குமா ஐயா ஒரு முகாம்?” என்று நண்பர் சிலர் நகைத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் மோட்டார் வண்டியில் வந்து இறங்குகிறவர்கள். தம்பானூர் இரயில் நிலையத்திலிருந்து பழவங்காடி வழியாகக் கிழக்கேகோட்டைக்கு, கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக மாலை ஆறு மணிக்கு ஒருமுறை நடந்து வந்திருப்பார்களேயானால் இந்தக் கேள்வி பிறந்திராது. ஒருபுறம் பேருந்து நிலையம், மறுபுறம் சாலைக் கடைத்தெரு, நடுவே காந்தி பூங்கா, அப்பால் பத்மநாபசுவாமி கோயில். இத்தனைக்கும் செல்வோர் ஒரே நாற்சந்தியில் முட்டி மோதிக் கொள்கிறார்கள். 2022-ஆம் ஆண்டில் இங்கே நடை மேம்பாலம் ஒன்று திறக்கப்பட்டது. படியேற இயலாதோருக்கு மின்தூக்கியும் உண்டு. நல்ல காரியமே. ஆயினும் தலையில் கூடையுடன் வருகிறவர்கள் பாலத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கீழேயே கடந்து போவதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் ஏன் ஏறவில்லை என்பதை அவர்களையே கேட்டறிய வேண்டுமல்லவா?

முகாமை எவ்விதம் நடத்துவது என்பதில் எங்கள் ஐவருக்குள்ளே முதலில் ஒற்றுமை இல்லை. மேடை அமைத்து, மாலை சூட்டி, பெரிய உத்தியோகஸ்தர் ஒருவரையும் பேராசிரியர் ஒருவரையும் சொற்பொழிவாற்ற அழைக்கலாம் என்றனர் இருவர். நம் சங்க விழாக்கள் யாவும் அவ்விதமே நடப்பதால் அவர்கள் சொன்னதில் வியப்பில்லை. மற்ற மூவரும் புதுக்கோட்டையை எடுத்துக் காட்டினோம். அந்தச் செய்தியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1991-ஆம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அப்போது அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு புகட்ட வந்த இயக்கம் அது. ஆனால் ஊர் ஊராகச் சென்று எழுத்துக் கற்பிக்க வேண்டிய பெண் தொண்டர்களே பேருந்துக்கும் ஆண் துணைக்கும் காத்து நின்றதால், சைக்கிள் கற்றலும் இயக்கத்தின் பாடங்களில் ஒன்றாயிற்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1990-களில் அங்கே சென்று கண்டதை 1996-இல் வெளிவந்த தமது நூலில் விவரித்திருக்கிறார். வயலில் உழைப்போர், கல் உடைப்போர், இரத்தினக் கல் தீட்டுவோர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் ஆகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். 1992-இல் நடந்த போட்டிகளிலும் காட்சிகளிலும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினர் என்றும், சில ஆண்டுகளுக்குள் கற்றோர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிற்று என்றும் அவர் எழுதுகிறார்.

எங்கள் கருத்தைக் கவர்ந்தது இந்தத் தொகையன்று. கற்பித்தவர் யார் என்பதே. நேற்றுக் கற்றவள் இன்று மற்றொருத்தியின் வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். பெண்களுக்கான சைக்கிள் கடையில் தீர்ந்துபோனபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே எடுத்துக்கொண்டார்கள். குறுக்குக் கம்பி இருப்பதால் குழந்தையை முன்னால் உட்கார்த்தி வைக்க முடிகிறது என்று அதிலும் ஒரு வசதியைக் கண்டார்கள். இத்தகைய நுணுக்கம் எந்தச் சொற்பொழிவில் வரும்? ஓட்டியவள் ஓட்டப் போகிறவளிடம் சொன்னால்தான் வரும். கற்ற பின்பு தண்ணீர் கொண்டுவருவதும், விளைபொருளை இரண்டு மூன்று ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பதும் எளிதாயின. பேருந்து வரும் நேரத்துக்கு அடங்கிக் கிடந்த நாள் அவர்கள் கைக்கு வந்தது.

இதே முறைக்குக் கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் முதலியோர் 1932-இல் நிறுவிய ஹைலாண்டர் பள்ளியில் தொழிலாளரும் கறுப்பின மக்களும் சில நாள் சேர்ந்து தங்கி, வட்டமாக அமர்ந்து, தத்தம் ஊர்த் தொல்லையைச் சொல்லி, அதற்கு வழி தேடுவார்கள். 1955-ஆம் ஆண்டு கோடையில் அங்கே வந்து தங்கியவர்களுள் தையல் தொழிலாளியான ரோசா பார்க்ஸ் என்னும் அம்மையாரும் ஒருவர். அவ்வாண்டு டிசம்பரில் மாண்ட்கமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்து அவர் கைதானார். அதன் பின் அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள் என்பதை நேயர்கள் அறிவர். அந்தத் துணிவை ஒரு பள்ளிதான் ஊட்டியது என்று நாங்கள் சொல்லவில்லை. பல ஆண்டுகளாகவே உரிமைக்காக உழைத்து வந்தவர் அவர். எனினும் தம்மைப் போன்ற பலர் இருக்கிறார்கள் என்று கண்டுகொள்ள இரண்டு வார வாசம் உதவாமற் போகாது.

முடிவில் மேடை இல்லை, மாலை இல்லை, பாயை வட்டமாக விரிப்பது என்று தீர்மானித்தோம். வருகிற ஒவ்வொருவரும் தாம் தம் தெருவில் செய்து பார்த்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அது பலித்ததாகவும் இருக்கலாம், பலிக்காததாகவும் இருக்கலாம். உத்தியோகஸ்தர் வரலாம். வந்தால் அவரும் பாயில் அமர்ந்து, அலுவலகத்துக்குள் ஒரு மனு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது என்பதைச் சொல்லட்டும். அவர் செய்து அறிந்தது அதுதானே.

இடத்தைப் பற்றியும் வாதம் எழுந்தது. பொன்முடிக்குப் போனால் குளிர்ச்சியாக இருக்கும், மனம் ஒன்றும் என்றார் ஒருவர். மலை உச்சியில் அமர்ந்து நடைபாதையைப் பற்றிப் பேசுவது, சமையற்கட்டை விட்டு விலகி நின்று ருசி பார்ப்பது போன்றது என்று நாங்கள் எண்ணினோம். மார்கழியில் நம்மவர் திருமணங்கள் இராமையால் கோட்டைப் பக்கத்தில் மண்டபம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். ஐயப்ப பக்தர்களின் கூட்டம் அப்போது மிகும் என்பது உண்மை. தெருவின் நெருக்கடியைக் காண அதுவே தக்க காலம்.

இத்தனையும் முடிவான பிறகு, எங்கள் தெருவில் பூக்கட்டி விற்கும் ஆச்சியிடம் போனோம். தோவாளைப் பக்கத்தில் பிறந்தவர். நாற்பது ஆண்டுகளாக இங்கே இருக்கிறார். சென்ற ஆண்டு சந்தியைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் ஒன்று இடித்து, இடுப்பு எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். அவரைவிட இம்முகாமுக்கு உரியவர் யார்? நாங்கள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டு, நாரை விரலில் சுற்றியபடியே அவர் சொன்னார்: “நல்ல காரியந்தான் மக்கா. ரெண்டு நாளு நான் ஒங்ககூட இருந்து பேசினா எம் பூவ யாரு விப்பா?”

ஐவரில் எவராலும் மறுமொழி கூற இயலவில்லை. மாதச் சம்பளக்காரர்களாகிய நாங்கள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். நடப்பவர்களுள் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்து உண்பவர்கள். அவர்கள் இல்லாத முகாமில், மோட்டார் சைக்கிளை வீட்டில் நிறுத்திவிட்டு ஒருநாள் நடந்து பார்த்தவர்களே மிஞ்சுவார்கள். ஆகவே திட்டத்தை அடியிலிருந்து மாற்றினோம். அறுபது பேர் என்றிருந்ததை முப்பதாகக் குறைத்தோம். அச்சடித்த பதாகை, துணிப்பை, நினைவுப் பரிசு ஆகிய மூன்று செலவையும் நீக்கி, அந்தத் தொகையை நாட்கூலி இழப்போருக்கு ஈடாக ஒதுக்கினோம். நிகழ்ச்சி பகல் மூன்று மணிக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடியும். காலைப் பூ வியாபாரமும், பால், பத்திரிகை போடுவோரின் வேலையும் அதற்குள் முடிந்துவிடும். இரவு தங்க முடிந்தவர் தங்குவர். செயற்குழுவில் இதற்கு எதிர்ப்பு இருக்கிறது. சங்கப் பணத்தைக் கூலியாகக் கொடுப்பது முறையா என்று கேட்கிறார்கள். பேச்சாளருக்குப் பயணப்படி கொடுக்கிறோமே, அது முறையானால் இதுவும் முறைதான் என்பது எங்கள் விடை. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு வரும். அங்கத்தினர்கள் தவறாது வர வேண்டுகிறோம்.

முதல் நாள் மாலை அளவு நாடாவுடன் நடை. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவிலும் ஒரு முதியவர், சுமை தூக்கும் ஒருவர், பள்ளிப் பிள்ளை ஒருவர் இருக்க, தம்பானூரிலிருந்து கோட்டை வரை நடப்போம். நடைபாதையில் தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது என்பவை இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த நெறிகள். எங்கே மின்கம்பம் குறுக்கிடுகிறது, எங்கே படி உயரம் என்று குறித்துக்கொண்டு வருவோம். ‘நடக்க முடியவில்லை’ என்று மனு எழுதுவதற்கும், ‘இன்ன கடை எதிரில் 70 சென்டிமீட்டரே இருக்கிறது’ என்று எழுதுவதற்கும் உள்ள வேற்றுமையை அலுவலகத்தில் கோப்புப் பார்க்கும் எவரும் அறிவர். 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று கூறியிருப்பதால் அம்மனுவுக்கு இப்போது வலுவும் கூடியிருக்கிறது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். இராஜசேகரன். முறிந்த எலும்புகளை நாள்தோறும் பார்க்கிறவர் வழக்குத் தொடுத்தது பொருத்தமே.

இரவு உணவுக்குப் பின் இவ்வூருக்கு நடந்து வந்தவர்களின் கதை. திருவிதாங்கூரில் யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதே ஒருகாலத்தில் பெரும் போராட்டமாயிருந்தது. 1893-இல் அய்யன்காளி வில்வண்டியேறிப் பொதுச் சாலையில் சென்றார். 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சூழ்ந்த வீதிகளுக்காகச் சத்தியாக்கிரகம் நடந்தது. பெரியார் சிறைப்பட்டதை நம்மவர் அறிவர். அவ்வாண்டு நவம்பரில் வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒரு நடைக்கூட்டம் புறப்பட்டது. தெற்கே கோட்டாற்றுப் பக்கத்திலிருந்து டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் மற்றொன்று புறப்பட்டது. இரண்டும் வழிநெடுக ஊர்தோறும் மக்களிடம் பேசிக்கொண்டே திருவனந்தபுரம் வந்து சேர்ந்தன. இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் மகாராணி சேது லக்ஷ்மி பாயியிடம் அளிக்கப்பட்டது. 1925-இல் சட்டசபைத் தீர்மானம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. பின்னர் மூன்று வீதிகள் திறந்தன. கிழக்கு வீதிக்கு 1936-இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாகர்கோவிலிலிருந்து இரயிலில் இரண்டு மணிக்குள் வந்து இறங்கும் நமக்கு அந்தத் தெற்கத்திக் கூட்டத்தின் நடை ஏறக்குறைய மறந்தே போயிற்று.

இந்நகரம் நடப்பவருக்கு வழிவிடத் தெரியாத நகரமும் அன்று. ஆற்றுகால் பொங்கலன்று கிழக்கேகோட்டைத் தெருக்கள் முழுதும் பெண்கள் அடுப்பு மூட்டி அமர்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுப் பொங்கலில் இருபத்தைந்து லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு சொல்கிறது. பத்மநாபசுவாமியின் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும்போது, ஆண்டில் இரு நாள், விமான நிலைய ஓடுபாதையே சில மணி நேரம் மூடப்படுகிறது. ஆகாய விமானமே காத்து நிற்கிறதென்றால், ஆச்சி கடந்து போகும்வரை ஒரு மோட்டார் சைக்கிள் காத்திருத்தல் பெரிய காரியமா?

இரண்டாம் நாள் புத்தரிக்கண்டம் மைதானத்தில் சைக்கிள் வகுப்பு. அனுமதிக்கு மனுச் செய்திருக்கிறோம். இருக்கையைத் தாழ்த்தி, மிதிகளைக் கழற்றிவிட்டு, இரு கால்களாலும் தரையை உந்தி உந்தி முதலில் சமநிலை பழகுவது. அது கைவந்த பின் மிதிகளைப் பூட்டுவது. வீழ்வதற்கு அஞ்சும் பெரியவர்களுக்கு இது ஏற்ற முறை. கற்பிக்க இருப்பவர்கள் நம் சங்கக் குடும்பங்களைச் சேர்ந்த மூன்று பெண்கள். அவர்களுள் ஒருவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் சிறுமியாயிருந்தபோது தாயிடம் கற்றவர். புடைவையைச் சங்கிலியில் சிக்காமல் செருகுவதற்கு அத்தாய் கண்ட வழியை அவர் காட்டுவார். மலையாளச் சகோதரிகளும் வருவதால் பேச்சு இரு மொழியிலும் நடக்கும். கீழே விழுந்தால் எழும் ஒலி இரு மொழிக்கும் பொதுவானதே.

நாகர்கோவில், வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து சொந்தச் சைக்கிளுடன் வர விரும்பும் அன்பர்கள், இரயில் நிலையத்தில் அதை லக்கேஜாகப் பதிவு செய்து பிரேக் வானில் ஏற்ற வேண்டும். அந்த வசதி எந்த வண்டியில் உண்டு என்பதை முந்தின நாளே கேட்டறிக. பெயரும் சேருமிடமும் எழுதிய அட்டையைக் கைப்பிடியிலும் பின்சக்கரத்துப் பக்கத்திலுமாக இரண்டிடத்தில் கட்டுக. ஓர் அட்டை அறுந்து விழுந்துவிடுவது சாதாரணம். பாயும் தலையணையும் மண்டபத்தில் கிடைக்கும். போர்வை அவரவர் கொண்டு வருக. பெயர் கொடுக்கக் கடைசி நாள் கார்த்திகை இருபது. ஆச்சிக்கு முதல் இடம் ஒதுக்கியாயிற்று. மீதி இருபத்தொன்பது.