அப்பா ஓட்டாத பயணம்

பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம் என் வானொலி நிகழ்ச்சியில் தவறாமல் ஒரு கேள்வி கேட்பேன். "இந்த முறை எங்கே போறீங்க?" அழைக்கும் நேயர்கள் ஊரைச் சொன்ன அதே மூச்சில் கார் பயணத்தின் நேரத்தையும் சொல்லிவிடுவார்கள். "பினாங்கு. விடியற்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பிட்டா ஜாம் இல்ல." "மலாக்கா. ரெண்டு மணி நேரம்தான்." நம் நாட்டில் விடுமுறை என்பது முதலில் கார். பிறகுதான் ஊர்.

எங்கள் வீட்டில் அது இன்னும் அதிகம். அப்பா முப்பது ஆண்டுகள் ஈப்போவிலிருந்து எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர். வேலை ஓய்வு பெற்ற பிறகும் குடும்பத்தில் யார் எங்கே போனாலும் ஸ்டீயரிங் அவர் கையில்தான் இருக்கும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் அவருக்குத் தலை சுற்றும் என்று அம்மா கேலி செய்வார்.

சென்ற ஆண்டு தாமானில் எங்கள் வீட்டு வாசல் தூணிலேயே காரின் இடது பக்கக் கண்ணாடியை உடைத்தார். ஒரே மாதத்தில் இரண்டாவது முறை. மருத்துவர் குளுக்கோமா என்றார். நேராகப் பார்ப்பது தெளிவாக இருக்கும். பக்கப் பார்வை மெல்லக் குறைந்துகொண்டே வரும். இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா சாவியை ஆணியில் மாட்டினார். அதைப் பற்றி அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போவதையும் நிறுத்திக்கொண்டார். கல்யாண வீட்டுக்குக்கூட, "நீங்க போயிட்டு வாங்க."

காரே தேவைப்படாத ஒரு விடுமுறையை நான் தேடத் தொடங்கியது அப்போதுதான். யாராவது ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்து வருகிற பயணமாக அது இருக்கக்கூடாது. யாருமே ஓட்டத் தேவையில்லாத இடமாக இருக்க வேண்டும்.

கிடைத்தது ஜப்பானின் கிசோ பள்ளத்தாக்கு. எடோ என்று அழைக்கப்பட்ட இன்றைய தோக்கியோவையும் கியோத்தோவையும் மலைகளின் ஊடாக இணைத்த பழைய நடைபாதை ஒன்று உண்டு. பெயர் நகாசெண்டோ. ஏறக்குறைய 530 கிலோமீட்டர் நீளம். வழிநெடுக 69 சத்திர ஊர்கள். அவற்றில் 11 ஊர்கள் கிசோ பகுதியில் இருந்தன. அங்கே சில துண்டுகளில் பழைய பாதை இன்னும் நடக்கத்தக்கதாக இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டி ரயில் போகிறது. ஊர்களுக்கு இடையே சிற்றூர்ப் பேருந்தும் உண்டு. ரயில், பேருந்து, கால். இந்த மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகிற இடம் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். அழகான பள்ளத்தாக்குகள் உலகில் நிறைய உண்டு. மாலை ஐந்து மணிக்கு முட்டி வலித்தால் திரும்ப வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"எட்டு கிலோமீட்டர் நடக்கிறதுக்கு ஜப்பானா? நம்ம பூங்காவை நாலு சுத்து சுத்துனா ஆச்சு," என்றார் அம்மா. அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வரவில்லை. அப்பா ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் ரயில், பேருந்து கால அட்டவணைகளைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் திரும்பியபோது அவற்றில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. "ஏம்மா, இந்த ரயில் பத்து மணிக்கு வருது, அந்த பஸ் பத்து அஞ்சுக்குப் போகுது. அஞ்சு நிமிஷத்துல மாற முடியுமா? அடுத்ததை எடு." அதற்குப் பிறகு திட்டம் அவருடையதானது.

ஓர் ஓட்டுநர் போடுகிற திட்டம் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் காலையிலிருந்து மாலைக்குப் போட்டேன். அவர் கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிப் போட்டார். அக்டோபர் கடைசியில் அங்கே மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மலைகளுக்கு நடுவே வெளிச்சம் அதற்கும் முன்னால் போய்விடும். மூன்று மணிக்குள் நடை முடிய வேண்டும் என்றார். மற்றவர்கள் மூன்று மணி நேரத்தில் நடக்கிற தூரத்துக்கு எங்களுக்கு ஐந்து மணி நேரம் என்று எழுதிக்கொண்டார். பாதையின் நடுவில் பேருந்து நிற்கும் இடங்களை வட்டமிட்டார்.

நீங்களும் போவதாக இருந்தால் இந்தச் சிவப்பு மைத் தாளிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். நகோயாவிலிருந்து 'ஷினானோ' விரைவு ரயிலில் நகாட்சுகாவாவுக்கு ஐம்பது நிமிடம். அங்கிருந்து மகோமே என்ற ஊருக்குப் பேருந்தில் அரை மணி நேரம். மகோமேயிலிருந்து அடுத்த சத்திர ஊரான ட்சுமாகோவுக்குப் பழைய பாதையில் சுமார் எட்டு கிலோமீட்டர். எந்தத் திசையில் நடப்பது என்பது முக்கியம். மகோமே உயரத்தில் இருக்கிறது, ட்சுமாகோ தாழ்வில். மகோமேயில் தொடங்கினால் முதல் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம், ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய், பிறகு பெரும்பாலும் இறக்கம். எதிர்த்திசையில் நடந்தால் மூச்சு வாங்கும். ஆனால் இறக்கம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். நுரையீரல் பிழைக்கும், முட்டிதான் கணக்குக் கேட்கும். ஆளுக்கு இரண்டு கைத்தடி அவசியம்.

பெட்டியைச் சுமக்க வேண்டாம். மகோமே சுற்றுலாத் தகவல் நிலையத்தில் காலை 11.30 மணிக்குள் கொடுத்துவிட்டால், பிற்பகலில் ட்சுமாகோ நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெட்டிக்கு 1,000 யென் கொடுத்தோம். குளிர்காலத்தில் இந்தச் சேவை கிடையாது. கையில் ரொக்கம் வைத்திருங்கள். விடுதிகள் சிறியவை, சாப்பாடும் சேர்த்துத்தான் கட்டணம். இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு என்றால் ஆறு மணிதான், ஆறரைக்குப் போய் நிற்க முடியாது. சாப்பிடாதவற்றை அறை பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும். சைவம் என்றால் இரண்டு முறை எழுதுங்கள், அங்கே சாறுக்கும் குழம்புக்கும் அடியில் மீன்தான் இருக்கும். மாட்டிறைச்சி வேண்டாம் என்று நாங்கள் முன்கூட்டியே எழுதியிருந்தோம். முழு ஆற்றுமீனை உப்பு தடவிச் சுட்டு வைத்தார்கள். அப்பா முள்ளை மட்டும் மிச்சம் வைத்தார்.

ஷினானோ ரயிலில் ஏறியதுமே அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏன் வளைவுல சாயுது?" அது சாயும் ரயில்தான். வளைவுகளில் வேகத்தைக் குறைக்காமல் போக, பெட்டி உள்பக்கம் சாய்ந்துகொடுக்கும். ஜப்பானில் அப்படிப்பட்ட ரயில் முதன்முதலில் சேவைக்கு வந்தது 1973-இல், இதே தடத்தில். அதைச் சொன்னதும் அவருக்குத் தலை சுற்றவில்லை. நகாட்சுகாவா வரை வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தார்.

மகோமே செங்குத்தான ஒரே தெரு. கல் பாவிய சரிவு, ஓரத்தில் ஓடைத் தண்ணீர், எதிரே ஏனா மலை. ஷிமாசாகி டோசோன் என்ற எழுத்தாளர் 1872-இல் பிறந்த ஊர் இது. அவருடைய பெரிய நாவலின் நாயகன், இந்தச் சத்திரத்தின் தலைவராக இருந்த அவருடைய அப்பாவை வைத்து எழுதப்பட்டவர். அப்பாக்களைப் பற்றி எழுதுவது புதிது அல்ல என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மறுநாள் காலை ஏறத் தொடங்கினோம். பாதையில் ஆங்காங்கே கம்பத்தில் பித்தளை மணி தொங்குகிறது. கரடி விலகிப் போக அடிக்க வேண்டும். அப்பா ஒவ்வொன்றையும் கோயில் மணியைப் போல அடித்தார். கணவாய் வரை ஒரு சிக்கலும் இல்லை.

கணவாயில் பேருந்து நிறுத்தம் இருக்கிறது. சிவப்பு மைத்தாளில் வட்டமிட்ட இடம். அடுத்த பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது. அதற்கு அப்பால் பாதை ஊசியிலை மரங்களுக்குள் இறங்குகிறது. முதல் நாள் மழையில் கற்கள் நனைந்து, மேலே இலைகள் ஒட்டிக்கிடந்தன. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்த இரண்டாவது அடியிலேயே அப்பா இடது பக்கம் தடுமாறினார். நான் கையைப் பிடித்தேன். அவர் விடுவித்துக்கொண்டார்.

"பஸ்ல போயிடலாம்பா," என்றேன்.

அவர் நேரத்தைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீ இடது பக்கம் வா. அந்தப் பக்கம்தான் எனக்குத் தெரியல," என்றார்.

மருத்துவரிடம் போய் வந்த பின் ஏழு மாதத்தில் அவர் தன் கண்ணைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது.

"கையைப் பிடிக்காத. காலையில ஜாம் எங்கே, விபத்து எங்கேன்னு ஊருக்கே சொல்றல்ல? அதை இங்க சொல்லிக்கிட்டு வா."

சொன்னேன். பத்து ஆண்டுகளாகக் கூட்டரசு நெடுஞ்சாலையின் நெரிசலைச் சொன்ன அதே குரலில், "இடது பக்கம் வேர். முன்னால ரெண்டு படி, ரெண்டாவது வழுக்கும். வலது பக்கம் ஒதுங்குங்க, எதிர்ல நாலு பேர் வர்றாங்க." எதிரே வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. நடுவழியில் பழைய தேநீர் வீடு ஒன்று இருக்கிறது. தன்னார்வலர்கள் காசு வாங்காமல் தேநீர் தருகிறார்கள். தரையில் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. அங்கே என் குரல் கம்மிப் போயிருந்தது. தேநீர் ஊற்றிய பெரியவர் என்னைப் பார்த்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டி, இன்னொரு கோப்பை ஊற்றினார்.

ட்சுமாகோவை 2.40க்கு அடைந்தோம். அப்பாவின் கணக்கில் இருபது நிமிடம் முன்னதாக.

அந்த ஊரின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரயிலும் புதிய சாலையும் வந்த பிறகு, நடந்து வருகிறவர்களை நம்பியிருந்த ஊர் வெறுமையானது. 1968-இல் பழைய வீடுகளைச் சீரமைக்கத் தொடங்கினார்கள். 1971-இல் ஊரார் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. 1976-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவித்தது. பெரிய தெருவில் மின்கம்பங்கள் கண்ணில் படாது. பகலில் வண்டிகளும் வர முடியாது. நடுத்தெருவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்காமல் அப்பா நடந்தார். நம் தாமானில் அப்படி நடக்க அவரால் முடியாது. கடைக்குப் போகிற ஐந்து நிமிட வழியில் நடைபாதை இரண்டு இடத்தில் அறுந்து, மீதியில் கார்கள் நிற்கின்றன. கண் பார்வை குறைந்த மனிதர் கரடி உலவும் காட்டில் நடக்கலாம், தன் வீட்டு வாசலில் நடக்க முடியாது என்றால் யாரிடம் சொல்வது?

மூன்றாம் நாள் நாகிசோ ரயில் நிலையம் வரை ஒரு மணி நேர நடை. அங்கே கிசோ ஆற்றின் குறுக்கே 1922-இல் கட்டப்பட்ட மோமோசுகே தொங்குபாலம் இருக்கிறது. 247 மீட்டர் நீளம். மின்நிலையக் கட்டுமானப் பொருள்களைக் கொண்டுசெல்லக் கட்டியது. நடுவில் நின்றால் கீழே வெள்ளைப் பாறைகளும் பச்சைத் தண்ணீரும். ரயிலில் ஏறியதும் ஆற்றோரம் 19ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாகப் போவது தெரிந்தது. அப்பா அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

நான்காம் நாள் டோரி கணவாயைக் கடப்பதாகத் திட்டம். உயரம் 1,197 மீட்டர், யபுஹாராவிலிருந்து நராய் வரை ஆறு கிலோமீட்டர். காலையில் மழை. விடுதிச் சன்னலில் நின்று வானத்தைப் பார்த்த அப்பா, "இன்னிக்கு இந்த சர்வீஸ் ரத்து," என்றார். எனக்கு ஏமாற்றம்தான், மாதக்கணக்கில் காத்திருந்த இடம். ஆனால் முப்பது ஆண்டுகள் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போனவரிடம் என்ன வாதாடுவது? ரயிலிலேயே போனோம். கணவாயின் அடியில் சுரங்கப்பாதை. வெளியே வந்ததும் அப்பா சன்னலைத் தட்டினார். "ஆறு திரும்பிடுச்சு!"

திரும்பவில்லை, அது வேறு ஆறு. அந்த மலைக்குத் தெற்கே விழுகிற மழை கிசோ ஆறாகி பசிபிக் கடலுக்குப் போகிறது. வடக்கே விழுவது நராய் ஆறாக எதிர்த்திசையில் ஜப்பான் கடலை நோக்கி ஓடுகிறது. நடந்து கடந்திருந்தால் மரங்களுக்கு நடுவே எனக்கு அது தெரிந்திருக்காது. அப்பா சன்னலோரம் வலது கண்ணால் ஆற்றோடேயே வந்ததால் தெரிந்தது. நராயில் ஒரு கிலோமீட்டர் நீளத் தெருவைக் குடை பிடித்துக்கொண்டு போய் வந்தோம். அடுத்த ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதையும் அவர் முன்பே எழுதிவைத்திருந்தார்.

ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைத் திறந்தால் அப்பாவின் தகவல்: "கே.எல். சென்ட்ரல்ல இருக்கேன்." ஈப்போவிலிருந்து தனியாக ரயிலில் வந்திருந்தார். கையில் மடித்த ஒரு தாள். ரயில் எட்டு நிமிடம் தாமதம் என்று அதில் குறித்திருந்தார். மறுபக்கத்தில் சிவப்பு மையால் அகேமாட்சு என்ற ஊரின் பெயர். திரும்பும் வழியில் ரயில் சன்னலில் ஒரு நிமிடம் மட்டும் தெரிந்து மறைந்த பாறைகள் அந்த ஊரின் பக்கத்தில்தான் இருக்கின்றன.

"அங்க இறங்காம வந்துட்டோம்," என்றார். "மே மாசம் மழை எப்படி இருக்கும்னு பாரு."