நாற்காலிக்கு முன் கணுக்கால்



பள்ளிவாசல்களில் ஸஃபுகளின் ஓரத்தில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருகின்றன. ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னும் ஒரு காரணம் இருக்கும். அதை விசாரிப்பது நம் வேலையன்று. ஆயினும் முழங்கால் தேய்வைப் பற்றி ஓயாது பேசும் நாம், அதற்குக் கீழே இருக்கும் மூட்டைப் பற்றிப் பேசுவதே இல்லை. உளூவில் கணுக்கால் வரை கழுவுகிறோம். அந்த மூட்டு இன்னும் எவ்வளவு மடங்குகிறது என்பதை மட்டும் கவனிப்பதில்லை.

நலமான கணுக்கால், பாதத்தை மேல்நோக்கி ஏறத்தாழ 20 பாகையும் கீழ்நோக்கி ஏறத்தாழ 50 பாகையும் அசைக்க வல்லது. தொழுகை இவ்விரண்டையும் கேட்கிறது. நாளொன்றின் கடமையான 17 ரக்அத்துகளில் 34 ஸஜ்தாக்கள் உள்ளன. ஸஜ்தாக்களுக்கு இடையிலான இருப்பையும் அத்தஹிய்யாத் இருப்பையும் எண்ணினால் 26 வருகிறது. அந்த இருப்பில் இடது பாதம் முழுவதும் நீண்டு நமக்குக் கீழே படிகிறது. வலது பாதம் விரல்களைக் கிப்லாவை நோக்கி மடக்கி நிற்கிறது. ஸஜ்தாவிலிருந்து கையூன்றாமல் எழும்போது உடலின் பாரம் முன்பாதங்களின் மேல் வருகிறது. கணுக்கால் மடங்க மறுத்தால் அப்பாரத்தை முழங்காலும் இடுப்பும் ஏற்க வேண்டியதாகிறது. முழங்கால் வலி என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு இங்கிருந்து வரக்கூடும். (தொழுகையை உடற்பயிற்சியாகச் சுருக்கிப் பேசும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. அது வணக்கம். வணக்கத்துக்கு உடல் வேண்டும் என்பதே இங்குப் பேச்சு.)

அம்மாபேட்டையில் வாழும் நமக்கு இந்த மூட்டின் உழைப்பை விளக்க வேண்டியதில்லை. சேலம் வெண்பட்டு நெய்த குழித்தறியில், நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, உள்ளே தொங்கும் கால்களால் மிதிகளை மாறி மாறி அழுத்துவார். ஒவ்வொரு மிதிக்கும் பாவு இரண்டாகப் பிரியும், நாடா ஓடும், ஓர் ஊடை இழை சேரும். ஒரு வேட்டி முடிவதற்குள் கணுக்கால்கள் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கியிருக்கும். விசைத்தறி வந்தபின் மிதிக்கும் வேலையை மோட்டார் எடுத்துக்கொண்டது. மனிதர் சிமெண்டுத் தரையில் நாளெல்லாம் நிற்கிறார். வீட்டிலும் அவ்வாறே. அருவாமனை மேடைக்கு ஏறிவிட்டது, சுப்ரா விரித்துத் தரையில் அமர்ந்து உண்பது விருந்துநாள் வழக்கமாகிவிட்டது, கழிவறையிலும் குந்துவதில்லை. பழைய வாழ்க்கையில் சிரமங்களும் இருந்தன, அதை மறக்க வேண்டாம். தறிக்குழியின் ஈரத்தில் கால்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. ஆயினும் கணுக்கால் முழுதாக மடங்கும் வேளை இன்று பலருக்குத் தொழுகை ஒன்றுதான். அதையும் நாற்காலியில் தொழத் தொடங்கினால் அந்த மூட்டுக்கு வேறு வேலையே இல்லை.

எங்கள் அத்தா இளமையில் குழித்தறியிலும் பின்னர் விசைத்தறியிலும் உழைத்தவர். ஒரு ரமலானுக்கு முன் நாற்காலி வேண்டும் என்றார். "முட்டி வலிக்குதா அத்தா?" என்று கேட்டோம். "முட்டி வலிக்கலை. பாதம்தான் படிய மாட்டேங்குது," என்றார். அந்த ஒரு சொல்லை வைத்தே இயன்முறை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அத்தாவைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னார். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே சுமார் 10 சென்டிமீட்டர், அதாவது அரைச்சாண் அளவு, இருக்கும்போதே தொட முடிந்தால் நல்லது. அத்தாவுக்கு இரண்டு விரற்கடைகூட இல்லை.

அச்சோதனையே பயிற்சியும் ஆனது. நாளும் சில முறை, மெதுவாக, குதிகால் தரையில் பதிந்திருக்க. கெண்டைக்காலில் இழுப்புத் தெரிந்தால் அது தசையின் இறுக்கம், தளரக்கூடியது. கணுக்காலின் முன்புறம் குத்தினால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். சில மாதங்களில் வலது பாதம் இணங்கியது. இடது முழுதும் வரவில்லை; மடித்த துண்டை அடியில் வைத்தே இருப்பில் அமர்கிறார். தராவீஹின் பிற்பகுதிக்கு நாற்காலி இன்றும் உண்டு.

அதில் அவருக்குக் குறை ஒன்றும் இல்லை. ஸஹீஹுல் புகாரியில் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களைப் பற்றிய அறிவிப்பு ஒன்று உண்டு. அவர்கள் தொழுகையில் சம்மணமிட்டு அமர்ந்ததைக் கண்ட இளவயது மகன் தாமும் அவ்வாறே அமர்ந்தார். தந்தை தடுத்து, வலது பாதத்தை நட்டு இடதை மடக்குவதே சுன்னத் என்று கற்பித்தார்கள். தாங்கள் மட்டும் ஏன் அப்படி என மகன் வினவ, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை என்றார்கள். இயலாதவருக்கான சலுகையும் இயன்றவருக்கான முறையும் ஒரே வீட்டில் அருகருகே இருந்தன. நம் வீட்டுப் பிள்ளைகள் அத்தாவின் நாற்காலியைப் பார்க்கும்போது, அவர் அதற்கு முன் சுவரருகே நின்ற மாதங்களையும் அறிந்திருப்பது நல்லது.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியே ஒன்று. அந்நோய் மூட்டுகளை விறைக்கச் செய்கிறது; பாதத்தின் உணர்வையும் குறைக்கிறது. நெடுங்காலம் தொழுதோரின் இடது கணுக்கால் வெளிப்புறத்தில் கருத்துத் தடித்த தோல் காணப்படும். அதில் வெடிப்போ புண்ணோ தோன்றினால் வலி சொல்லாது. உளூவின்போது கண்தான் பார்க்க வேண்டும். விரலிடுக்குகளைக் கழுவியபின் துடைத்து உலரவிடுங்கள். எட்டிப் பார்க்க முடியாத முதியவரின் பாதங்களை வீட்டில் ஒருவர் நாளுக்கு ஒருமுறை பார்த்துவிடலாம்.