மாவுக்கட்டுப் போடும் கைகள்

வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொழுநோய்க்கென்றே தொடங்கப்பட்ட ஷிஃபெலின் மருத்துவமனை போன்ற இடங்களில் காலமெல்லாம் வேலை பார்த்த கிறிஸ்தவ ஆண் செவிலியர்களை நாம் நினைவுகூரும் விதத்தில் ஒரு குறை இருக்கிறது. நல்ல விசுவாசி, ஜெபத்தில் உறுதியானவர், சபைப் பாடகர் குழுவில் இருந்தவர், கிறிஸ்துமஸ் வந்தால் குடிலும் நட்சத்திரமும் தன் கையாலேயே செய்தவர், பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கிய தகப்பன் என்றெல்லாம் நினைவு மலரில் எழுதுகிறோம். அத்தனையும் உண்மையாகவே இருக்கும். ஆனால் நாள் முழுக்க அந்தக் கைகள் என்ன வேலை செய்தன என்பது மட்டும் "ஏழை எளியோருக்குத் தொண்டாற்றினார்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. வார்டில் எல்லாரும் 'பிரதர்' என்று கூப்பிட்ட அந்த மனிதர் தேர்ந்த கைவினைஞர். அதை விட்டுவிட்டு அவருடைய பக்தியையும் பாசத்தையும் எவ்வளவு புகழ்ந்தாலும் பாதி மனிதரைத்தான் சொன்னதாக ஆகும் என்பது என் கட்சி.

கட்டுப் போடும் அறையில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தாலே இது விளங்கும். தொழுநோய் நரம்பைத் தாக்குவதால் பாதத்தில் உணர்ச்சி போய்விடுகிறது. முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் உடைந்தாலும் தெரியாது. அதே இடத்தை ஊன்றி ஊன்றி நடப்பதால் புண் குழிவிழுந்து ஆறாமல் கிடக்கிறது. இதற்குப் பாதம், கெண்டைக்கால் முழுவதையும் ஒட்டியபடி போடும் மாவுக்கட்டுதான் பழைய, நம்பகமான வைத்தியம். முதலில் புண்ணைச் சுற்றித் தடித்துப்போன தோலைச் சீவி, செத்த சதையை எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள். விரலிடுக்கில் பஞ்சு, கணுக்கால் எலும்பின் மேலும் முன்னெலும்பின் மேலும் மெல்லிய மெத்தை. மாவுச்சுருளைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வருவது நின்றதும் எடுத்து, லேசாகப் பிழிந்து, இழுக்காமல் உருட்டிக்கொண்டே போகவேண்டும். அடுத்ததில்தான் தொழில் இருக்கிறது. ஈரமான மாவை உள்ளங்கையால் மட்டுமே தடவவேண்டும். விரல்நுனி பட்டால் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் உள்பக்கம் மேடாகிக் காலை அழுத்தும். வேறு நோயாளியாக இருந்தால் வலிக்கிறது என்று கத்துவார், கட்டைப் பிரித்துவிடலாம். இந்தக் கால் எதுவும் சொல்லாது. தப்பு நடந்திருந்தால் அடுத்த வாரம் கட்டை வெட்டும்போது புதுப் புண்ணாகத்தான் தெரியவரும். பாதத்தின் வளைவெல்லாம் கட்டோடு ஒட்டியிருந்தால் உடம்பின் எடை ஓர் இடத்தில் குவியாமல் பரவுகிறது; நோயாளி நடந்துகொண்டே இருக்க, புண் உள்ளே ஆறுகிறது.

நம்பிக்கை இல்லாவிட்டால் இந்த வேலைக்கு யார் வந்திருப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெற்ற பிள்ளையே தொடத் தயங்கிய காலத்தில் தொழுநோயாளியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோரை அங்கே கொண்டுவந்தது கிறிஸ்தவ விசுவாசம்தான். அதை மறைப்பது நன்றிகெட்டதனம். ஆனால் வந்து சேர்ந்த பிறகு காலைக் காப்பாற்றியது எது? வேலூரில் டாக்டர் பால் பிராண்டின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-இல் பிறந்தவர், மருத்துவம் படிப்பதற்கு முன்னால் கட்டட வேலையும் தச்சும் பயின்றவர், ஆழ்ந்த பக்திமான். தொழுநோயாளியின் விரலும் பாதமும் நோயாலேயே அழுகி விழுகின்றன என்று மருத்துவ உலகம் நம்பியிருந்தபோது, உணர்ச்சியில்லாமல் படும் காயமும் அழுத்தமும்தான் பெரும்பாலும் காரணம் என்று காட்டியவர். அவரை அங்கே நிற்கவைத்தது ஜெபம். நோயின் குட்டு உடைந்ததோ, பொறுமையாகக் கண்ணால் பார்த்ததிலும் கையால் தொட்டு அறிந்ததிலும். மாவுக்கட்டு வைத்தியம் பரவக் காரணமானவர்களில் முக்கியமானவர் அவர். அந்தக் கட்டை நாள்தோறும் போட்ட பிரதர்களின் பெயர்கள்தான் எங்கும் இல்லை.

செவிலியர் வேலை பெண்களுக்கே இயல்பாக வருவது, ஆண் செய்தால் அது விதிவிலக்கு என்ற எண்ணமும் இந்த மறதிக்குத் துணைபோகிறது. ஆனால் பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் கமில்லஸ் (1550–1614) என்ற பழைய படைவீரர் காலில் ஆறாத புண்ணோடு ரோம் நகரின் தீராநோயாளர் மருத்துவமனையில் கிடந்து, அங்கேயே பணியாளாகி, நோயாளரைப் பேணும் ஆண்களின் துறவற சபையையே உண்டாக்கினார். 1586-இல் அதற்குப் போப்பின் அங்கீகாரம் கிடைத்தது. செவிலியருக்குப் பாதுகாவலராகக் கத்தோலிக்கத் திருச்சபை வைத்திருப்பவர்களில் அவரும் ஒருவர். செவிலியர் வேலை பிறவிக் குணத்தில் வருவதல்ல, பழகிப் பழகிக் கையில் ஏறுவது. வேலூரில் மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909-லேயே செவிலியர் பள்ளி தொடங்கியதும், 1946-இல் அது பட்டப்படிப்பாக வளர்ந்ததும் இதனால்தான். அன்பு மட்டும் போதுமென்றால் பள்ளிக்கூடம் எதற்கு?

வேலையைத் தொழில் என்றால் அதன் புனிதம் குறைந்துவிடும் என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொண்டு என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்ததால் நேர்ந்த நஷ்டம் கண்முன்னே இருக்கிறது: தொண்டுக்குக் கூலி கேட்கலாமா என்று தனியார் மருத்துவமனைகள் செவிலியருக்குச் சொற்பச் சம்பளம் கொடுத்துவந்தன. உச்ச நீதிமன்றம் சொல்லி 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைக்க வேண்டியிருந்தது. நல்ல தகப்பன் என்று புகழும்போது, அந்தத் தகப்பன் எந்தச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். குடில் கட்டிய கற்பனையும் அவருக்கு வேறெங்கிருந்தோ வந்ததல்ல. ஊசிக்குப் பயந்து அழும் குழந்தைக்குக் கையுறையை ஊதி முடிச்சுப் போட்டு, பேனாவால் கண்ணும் வாயும் வரைந்து கோழியாக்கித் தரும் அதே கைதான் மூங்கிலைப் பிளந்து நட்சத்திரமும் கட்டியது.

தொழுநோய் ஒழிந்துவிட்டது, இந்த வித்தையும் பழங்கதை என்று யாரும் நினைக்கவேண்டாம். இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. சர்க்கரை நோயால் உணர்ச்சி இழந்த பாதத்தின் புண்ணுக்கும் இதே மாவுக்கட்டுதான் உலகெங்கும் சிறந்த சிகிச்சையாகக் கொள்ளப்படுகிறது. ஆகவே, உங்கள் குடும்பத்திலோ சபையிலோ அப்படியொரு பிரதர் மறைந்து நீங்கள் நினைவு மலர் போடுவதானால், அவரோடு வார்டில் நின்றவர்களையும் அவரிடம் வேலை பழகியவர்களையும் தேடிப்போய்க் கேளுங்கள். கட்டு எப்படிப் போடுவார், எதைக் கண்டால் கோபப்படுவார், எந்தப் புண்ணைப் பார்த்ததும் டாக்டரைக் கூப்பிடச் சொல்வார் என்று கேட்டு, அதற்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.