பத்தாம் வசனம்

முதல் மணி அடித்தாயிற்று. இரண்டாம் மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. சாத்தான்குளம் பக்கம், தேரிக்காட்டை ஒட்டிய சிறிய ஊர். மற்ற ஞாயிறுகளில் பாதி பெஞ்சு காலியாகக் கிடக்கும் கோயில், டிசம்பர் 31 இரவில் மட்டும் வாசல் வரைக்கும் நிறைந்துவிடும். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு வந்தால் இந்த ஆராதனையை முடித்துக்கொண்டுதான் வண்டி ஏறுவார்கள். புதுச் சேலையின் கஞ்சி வாசமும் பிச்சிப்பூ வாசமும் கொசுவர்த்திப் புகையும் கலந்து நிற்கின்றன. கோயில்பிள்ளை ஒவ்வொரு மின்விசிறியாகப் போட்டுப் பார்க்கிறார், ஒன்று சுற்றவில்லை.

ஆண்கள் பக்கம், தூணுக்குப் பின்னால் கடைசி பெஞ்சு. வேடிக்கை பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடையாது.

எதிரே பெண்கள் பக்கத்தில், வடக்கு வாசலை ஒட்டி, பெஞ்சில் உட்காராமல் பாயில் உட்கார்ந்திருக்கிறார் ஓர் அம்மா. அறுபதை ஒட்டிய வயது. வெள்ளையில் நீலக் கரை போட்ட பழைய சேலை. பழையது என்றாலும் இன்று தேய்த்துக் கட்டியது. மடியில் கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்ட வேதப்புத்தகம். அதன் ஓரங்களில் கலர் கலராகக் காகித முனைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. வாசலை ஒட்டி அவர் உட்கார்வதற்குக் காரணம் உண்டு. வீட்டில் கணவர் படுக்கையில் இருக்கிறார். பனையேறியாக இருந்தவர். ஒரு பதநீர்க் காலத்தில் பாளை சீவிவிட்டு இறங்கும்போது விழுந்தார். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. அப்போது பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

குருவானவர் வருஷக் கணக்கு வாசிக்கிறார். ஞானஸ்நானம் இத்தனை, திருமணம் இத்தனை, அடக்கம் இத்தனை. அடக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வரும்போது ஏதாவது ஒரு பெஞ்சில் ஒரு தலை குனிகிறது. அந்த அம்மா எல்லாப் பெயருக்கும் தலையசைக்கிறார். ஊரில் எல்லாச் சாவு வீட்டுக்கும் பாத்திரம் தேய்க்கப் போனவர்.

பன்னிரண்டு மணி. எல்லோரும் முழங்காலிடுகிறார்கள், மணி அடிக்கிறது, வெளியே எவனோ வெடி போடுகிறான். எழுந்ததும் கைகுலுக்கல், ஹேப்பி நியூ இயர். அதன்பின் கூட்டம் எதற்காகக் கண்விழித்துக் காத்திருந்ததோ அது வருகிறது. பித்தளைத் தாம்பாளத்தில் கவிழ்த்துப் பரப்பிய வாக்குத்தத்த அட்டைகள். ஆளுக்கு ஒன்று எடுக்கலாம், அதில் இருக்கும் வேத வசனம்தான் அந்த வருஷத்துக்கான வாக்கு.

இதைக் கிளி ஜோசியம் என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. கேலி செய்யுமுன் ஒன்று தெரிந்துகொள்ளலாம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொரேவியச் சபையார் 1728இல் நாளுக்கொரு வசனம் என்று வீடுவீடாகச் சொல்லத் தொடங்கினார்கள். 1731 முதல் அது புத்தகமாக அச்சாகிறது, இன்றுவரை நிற்கவில்லை. அதற்கான பழைய ஏற்பாட்டு வசனங்களை அவர்கள் இப்போதும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். இருட்டில் நடக்கப் போகிறவன் கைப்பிடிக்க ஏதாவது கேட்பது எந்த ஊரிலும் உள்ளதுதான்.

வரிசை நகர்கிறது. அட்டையைவிட முகங்களைப் பார்ப்பது சுவாரசியம். கடை அண்ணாச்சி நின்ற இடத்திலேயே வாசித்து, மடிக்காமல் சட்டைப் பையில் வைக்கிறார். இன்னும் இரண்டு நாளில் கல்லாவுக்கு மேலே ஒட்டப்பட்டுவிடும். நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதப் போகும் பெண் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறாள், ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறாள். கல்யாணமாகி வருஷங்கள் ஆன ஒரு மருமகள் எடுத்த அட்டையை மாமியார் கைநீட்டி வாங்கி, முதலில் தான் வாசித்துவிட்டு, பிறகு அவளிடம் கொடுக்கிறார். மருமகள் அதைப் பார்க்காமலே வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிடுகிறாள். ஒரு பையன் முதல் அட்டை பிடிக்காமல் அடுத்ததுக்குக் கை நீட்டுகிறான்.

"ஏல, ஒண்ணுதான்" என்கிறார் கோயில்பிள்ளை.

அட்டைகளின் படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பனி மூடிய மலை, துலிப் தோட்டம், கண்ணாடி போன்ற ஏரி. உடை மரமும் செம்மணலும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத இந்த ஊருக்கு, ஆண்டவருடைய வாக்கு எப்போதும் ஐரோப்பாவிலிருந்து வருவதுபோலவே இருக்கும்.

வடக்கு வாசல் அம்மா கடைசியில் வருகிறார். எடுத்து, அதே பையனிடம் நீட்டுகிறார். "கண்ணாடி எடுத்தாரல. வாசி மக்கா."

"எரேமியா இருபத்தொம்பது, பதினொண்ணு" என்று தொடங்கி அவன் ஒரே மூச்சில் வாசிக்கிறான். உங்களுக்குத் தீங்கு நினைக்கவில்லை, நல்ல முடிவைத் தரப்போகிறேன் என்று கடவுள் சொல்லும் வசனம். தமிழ்நாட்டில் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, ஆட்டோ முதுகு என்று எங்கும் காணக் கிடைப்பது.

அவர் சிரித்துவிட்டார். "இதேதான் போன வருசமும் வந்துச்சு. ஆண்டவருக்கு வேற வசனம் அம்புடல போல."

அட்டை பழைய அட்டைகளோடு சேர்ந்தது. கேக்கும் டீயும் கொடுக்கும் பக்கம் திரும்பாமல், வடக்கு வாசல் வழியாக அவர் போய்விட்டார். கணவரைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரம்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் ஓலை வேலி. ஓலை வேலி எதையும் மறைக்காது. பட்டன் போனில் அலாரம் அடிக்கும். அவர் எழுந்து கணவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பார். இரண்டு மணி நேரம் கழித்து மறுபக்கம். முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு இது தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும். புண்ணில் சீழ் வைத்தால் ஆளையே கொண்டுபோய்விடும். சிறுநீர்ப் பையை மாற்றுவது, துணி அலசுவது, கஞ்சி. பகலில் நூறு நாள் வேலை இருந்தால் அங்கே. இல்லையென்றால் முற்றத்தில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைவார், கருப்பட்டி வாங்குகிற வியாபாரி எடுத்துக்கொள்வார். கணவருடைய அருவாப்பெட்டியும் தளைநாரும் இன்னும் சுவரில்தான் தொங்குகின்றன. அவற்றை எடுத்துவிடச் சொல்லி மகள் ஒருமுறை சண்டை போட்டாள். எடுக்கவில்லை.

விடியுமுன் அவர் ஜெபிப்பதும் கேட்கும். கோயிலில் மைக் பிடித்து ஜெபிப்பவர்களின் குழைவு அதில் இருக்காது. "பாத்துக்கிட்டுத்தான இருக்கீரு? இன்னும் எம்புட்டு நாளு? எனக்கு இடுப்பு விட்டுப்போவுது, பாத்துக்கிடும்." வட்டிக்காரரிடம் தவணை கேட்கும் குரலில்லை, கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கும் குரல். நடுவே மூக்கைச் சிந்துவார். மறுபடி தொடர்வார். கடைசியில் ஊரில் காய்ச்சலாகக் கிடப்பவர்கள், பிரசவத்துக்கு இருப்பவர்கள் என்று ஒவ்வொரு பெயராக வரும். அந்த மருமகளின் பெயரும் அதில் உண்டு.

வேதப்புத்தகத்தில் இந்தக் குரலுக்கு இடம் இருக்கிறது. பதின்மூன்றாம் சங்கீதம் எதுவரைக்கும் என்று நான்கு தடவை கேட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறது. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரிகூட ஒட்டவைக்காமல் அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் அட்டையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

ஒரு கூட்டத்துக்காக ஊருக்கு வந்த பிரசங்கியார் ஒருவர் இவர்கள் வீட்டுக்கும் வந்தார். படுத்திருந்தவரின் காலில் கைவைத்து உரத்து ஜெபித்தார். ஆறு மாதத்துக்குள் நடப்பார் என்றார். வாசலுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்தி, "நீங்க சந்தேகப்படாம விசுவாசிக்கணும்மா, அதுலதான் தடை இருக்கு" என்றார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டு தெரு முக்கு வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். ஆறு மாதம் போனது. பிரசங்கியார் வேறு ஊருக்கு வேறு மாதங்களைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் சொன்னதைத் திமிர் என்றே சொல்வேன். அடிபட்டவனுக்கு மருந்தில்லை என்பதைவிட, மருந்து இறங்காததற்கு நீதான் காரணம் என்பது பெரிய அடி.

இந்த மாதிரிப் பேச்சு எரேமியா காலத்திலும் இருந்தது என்பதுதான் வேடிக்கை. கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் கைத்தொழில்காரரையும் தன் நாட்டுக்குப் பிடித்துக்கொண்டு போனான். எருசலேம் தேவாலயத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லோரும் திரும்பி வருவார்கள், கொள்ளைபோன தேவாலயப் பாத்திரங்களும் வந்து சேரும் என்றார். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தை அனனியா எடுத்து எல்லோர் முன்னாலும் உடைத்தும் காட்டினார். கூட்டத்துக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியாவே முதலில், ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் சொல்கிறார். அவருக்கும் அதுதானே ஆசை. பிறகுதான் அது பொய் நம்பிக்கை என்று சொல்ல வேண்டி வந்தது. அனனியா அந்த வருஷமே இறந்துபோனார்.

அடுத்த அதிகாரத்தில் எரேமியா, சிறைப்பட்டுப் போனவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறார். அதில் என்ன இருக்கிறது? மூட்டை கட்டிக்கொண்டு தயாராக இருங்கள் என்று இல்லை. வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து பேரன் பேத்தி எடுங்கள். உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பத்தாம் வசனத்தில், எழுபது வருஷம் ஆனபிறகே உங்களைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று வருகிறது. அதற்கு அடுத்ததுதான் அட்டையில் துலிப் பூவோடு வருகிற பதினோராம் வசனம்.

எழுபது வருஷம். அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி வாசித்த வளர்ந்த ஆணும் பெண்ணும் அநேகமாக எல்லோரும் பாபிலோன் மண்ணிலேயே புதைந்திருப்பார்கள். கி.மு. 539இல் பெர்சிய அரசன் கோரேசு பாபிலோனைப் பிடித்து, பிறகு வழி திறந்துவிட்டபோது, கிளம்பியவர்களில் பெரும்பாலோர் எருசலேமைக் கண்ணால் பார்த்தே இராதவர்கள். வாக்கு பொய்க்கவில்லை. கேட்டவர்களின் ஆயுளுக்குள் அது அடங்கவில்லை, அவ்வளவுதான். எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரமும் விசுவாச வீரர்கள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இவர்களெல்லாம் வாக்களிக்கப்பட்டதை அடையாமலே இறந்தார்கள் என்று ஒளிக்காமல் எழுதுகிறது.

இந்தப் பக்கத்து மண்ணுக்கு இது புதிதல்ல. இங்கிருந்து அதிக தூரமில்லாத இடையன்குடியில் கால்டுவெல் 1847இல் தொடங்கிய கோயில் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. அஸ்திவாரத்துக்குக் கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் அதன் மணியோசையைக் கேட்டிருப்பார்கள்?

ஜனவரி ஒன்று, காலை. அந்த அம்மா வேலி ஓரமாக முருங்கைக் கொம்பு ஒன்றை ஊன்றிக்கொண்டிருக்கிறார். பழைய மரம் போன மழையில் சாய்ந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெண் புத்தாண்டுப் பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஏன் பெரியம்மா, வருசா வருசம் எடுக்கிய. அதுல ஒண்ணாச்சும் நடந்துச்சா?"

"நடந்தா எடுப்பேன், நடக்கலன்னா விட்டுருவேன்னு நான் அவர்ட்ட பேசிக்கிடலயே" என்கிறார், மண்ணை மிதித்துக்கொண்டே. சற்றுப் பொறுத்து, "பெரியப்பாவுக்கு முதுகுல இருந்த புண்ணு ஆறிட்டு. டாக்டரே பாத்துட்டு, ஆரு பாக்கா இவர, நல்லா வச்சிருக்கியளேன்னு கேட்டாவ. அதச் சொல்லு ஊருல."

உள்ளே அலாரம் அடிக்கிறது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போகிறார்.

இந்த வீட்டில் நம்பிக்கை என்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருப்பது. மேடையில் கண்ணீர் வடித்துச் சாட்சி சொல்ல இவரிடம் அற்புதம் ஒன்றும் இல்லை. அதனால் இவரை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதுமில்லை. கூப்பிடலாம். நடந்துவிட்ட அற்புதத்தைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். நடக்காதபோது எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லக்கூடியவர் ஓர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அந்த மருமகள் கேட்க வேண்டியதும் அவருடைய பேச்சைத்தான்.

அடுத்த வருஷத்துக்கு வசன அட்டை அச்சடிக்கப் போகிற அச்சகத்தாருக்கும் சபை மூப்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். எரேமியா இருபத்தொன்பது பதினொன்றைத் தாராளமாகப் போடுங்கள். அதன் மேலேயே பத்தாம் வசனத்தையும் அதே எழுத்தளவில் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் துலிப் தோட்டத்தை எடுத்துவிடலாம்.